எடப்பாடிக்கு நான் செய்த பெட்டி

சேலத்தில் எங்கள் பொறியாளர் சங்கக் கிளையில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் ஏற்காத பொறுப்பை, காபிக்கு எழுந்து போனவன் தலையில் கட்டிவிடுவோம். எழுபதுகளின் கடைசியில், அணை, மோட்டார் என்றே பேசிவந்த சங்கத்துக்கு, மருத்துவ மின்னணுவியல் என்று புதிதாக ஒரு பிரிவு தொடங்கச் சொல்லித் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. நான் இரண்டாவது டம்ளருக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அமைப்பாளர் ஆகியிருந்தேன். இதயம் இடப்பக்கம் இருக்கிறது என்பதுவரை எனக்கு மருத்துவம் தெரியும்.

என் முதல் நோயாளி, எடப்பாடி டாக்டர் ஒருவரின் இசிஜி கருவி. அவர் சுவரை ஒட்டி விசைத்தறிக் கூடம். தறி ஓடினால் தாளில் கோடு குளிர்ஜுரம் கண்டதுபோல் நடுங்கும். தறியின் மின் இரைச்சலை நீக்க ஒரு வடிகட்டிப் பெட்டி செய்து கொடுத்தேன். நடுக்கம் நின்றது. அதோடு நானும் நின்றிருக்கலாம். துடிப்புகளுக்கு இடையில் கோடு மெல்ல ஏறி இறங்குவது அழகாக இல்லையென்று அதையும் அடக்கினேன்.

"தறியில இழுத்துக் கட்டுன பாவு நூலாட்டம் நேரா இருக்குதுங்க" என்றார் டாக்டர். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் பெட்டியைப் பற்றிக் கட்டுரை வாசிக்க என் பெயர் அச்சாகிவிட்டது.

கூட்டத்துக்கு நாலு நாள் முன்பு அவர் இரண்டு தாள்களோடு வந்தார். நெஞ்சுவலி என்று வந்த ஒரு தறிக்காரருடையவை. ஒன்று என் பெட்டி வழியாக எடுத்தது. அதைப் பார்த்து, வாய்வு என்று மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார். மற்றது மறுநாள் சேலம் ஆஸ்பத்திரியில் எடுத்தது. மாரடைப்பைச் சொல்லும் மேடு அதில் இருந்தது. என் பெட்டி அந்த மேட்டையும் அடக்கிச் சமதரை ஆக்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் அன்று மாலையே ஆள் இறந்துபோனார்.

"உங்களை மட்டும் சொல்லி என்னங்க, அந்தத் தாளை நம்புனது நானுங்க" என்றார்.

பெட்டியைக் கழற்றப் போனேன். தறிக்கூட முதலாளி வந்து விவரம் கேட்டார். சொன்னேன்.

"ஏனுங்க, இதுக்கா பொட்டி? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அஞ்சு நிமிசம் தறிய நிறுத்தியிருப்பனுங்க. அவன் நம்ம கூடத்து ஆளுதானுங்க."

சங்கத்தில் கட்டுரையைப் பையிலேயே விட்டுவிட்டு எழுந்தேன். "இசிஜி எடுக்கும்போது பக்கத்துத் தறியை நிறுத்தச் சொல்லுங்கள். இதுதான் என் கண்டுபிடிப்பு" என்றேன். மேலே சொல்வதற்குள் சபை குலுங்கிச் சிரித்தது. நான் எழுந்தாலே சிரிப்பார்கள். அப்படிப் பழக்கியவன் நான்தான். இரண்டு தாள்களையும் மேசைமேல் விரித்து, நடந்ததைச் சொன்னேன். முன்வரிசையில் சிரிப்பு அடங்கியது. பின்வரிசை அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று.