மாசிலாமணி வீட்டில் கடலை இல்லாத ஞாயிறு

வறுத்த வேர்க்கடலையைத் துண்டில் முடிந்து கசக்கி, முறத்தில் கொட்டி, கன்னம் உப்ப ஊதுகிறார் மாசிலாமணி. சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடித் தாழ்வாரத்தில் சிவப்புத் தோல்கள் பறந்து, பக்கத்து வீட்டு நூருல் அமீனின் மிளகாய்த் தொட்டிகளில் இறங்குகின்றன.

“உரம் லா, பாய்! சும்மாவே தரேன்.”

மாசிலாமணி பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின் மகள் இளமதிக்காகக் கரண்டி பிடித்தார். கத்தரிக்காய்க் குழம்பில் அரைத்த கடலை, கீரையின்மேல் பொடித்த கடலை, நெத்திலிச் சம்பாலில் முழுக் கடலை. ரசம் மட்டும் தப்பித்துவந்தது. “புரோட்டீன் இருக்கு, நல்ல கொழுப்பு இருக்கு. வேற என்ன வேணும் உனக்கு?”

இளமதிக்கு அகிலன் வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறான் என்றவள், தயங்கி, “அப்பா, அவருக்குக் கடலை அலர்ஜி” என்றாள்.

“பிடிக்காதா?”

“சாப்பிட்டா மூச்சு அடைச்சிடும்பா. ஆம்புலன்ஸ்தான்.”

கடலை டின்னை இறுக மூடிவிட்டு, “சிங்கப்பூர்ல வேற பையனே கிடைக்கலையா?” என்றார். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் கடலை டின்கள் எல்லாம் நூருல் அமீன் வீட்டுக்குப் போயின. மிக்ஸியை எவ்வளவு தேய்த்தும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. தேக்கா கடைத்தெருவுக்குப் போய்ப் புது மிக்ஸி, புதுச் சட்டி, புதுக் கரண்டி வாங்கினார். மசாலாப் பொட்டலங்களின் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தார். பெயரில் கடலை இருந்த பாவத்துக்காகப் பொட்டுக்கடலையையும் தொடவில்லை.

ஞாயிறன்று அகிலன் தன் அவசர ஊசியை மேசையில் வைத்துவிட்டு மீன் குழம்பைப் பிசைந்தான். எதிரே அமர்ந்த மாசிலாமணி அவன் உதட்டையும் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அங்கிள், நீங்க சாப்பிடலையா?”

“நீ சாப்பிடு தம்பி. நான் பாத்துக்கிறேன்.”

மூன்றாவது கவளத்தில் அகிலன் இருமினான். நாற்காலி சாய, ஊசியோடு பாய்ந்தார் மாசிலாமணி.

“காரம், அங்கிள்! வெறும் காரம்தான்!”

இளமதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அகிலன் கண்ணீரோடு தண்ணீர் குடித்துவிட்டு இன்னொரு துண்டு மீன் கேட்டான்.

மாசிலாமணி ஊசியை மெல்ல மேசையில் வைத்தார். நாற்காலியை நிமிர்த்தி அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். பெரிய துண்டாக ஒன்றைத் தன் தட்டில் எடுத்துவைத்து, அவனுக்காக ஒவ்வொரு முள்ளாக எடுக்கத் தொடங்கினார்.