ராவாமல் விட்ட நான்கு பற்கள்

போன கோடையில் ஒரு வியாழக்கிழமை. மாரண்டஹள்ளியிலிருந்து பஸ் பிடித்து, என் மகளைத் தருமபுரியில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அழைத்து என்ன, இழுத்து என்றுதான் சொல்ல வேண்டும். ஓசூரில் ஒரு நகைக்கடையில் அவளுக்கு விற்பனை வேலை கிடைத்திருந்தது. பத்து நாளில் சேர வேண்டும். அதற்குள் அவளுடைய முன்பற்கள் நான்கையும் ராவி, மேலே வெள்ளையாக உறைபோல கேப் போட்டுவிட வேண்டும் என்பது என் முடிவு.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். போர்வெல் தண்ணீர் குடித்து வளரும் பிள்ளைகளுக்குப் பல் முளைக்கும்போதே பழுப்புக் கறையோடு முளைக்கும். எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. எனக்கும் அதே கறைதான். கல்யாணத்துக்கு முன்னால், இருபது வயதில், நான்கு முன்பற்களையும் பிடுங்கிவிட்டு செட்டுப் பல் வைத்தார்கள். எங்கள் உறவிலேயே இன்னும் இரண்டு பேர் அப்படிச் செய்துகொண்டவர்கள். அதனால், மகளுக்குப் பிடுங்காமல் ராவுவதே பெரிய முன்னேற்றம் என்று நினைத்திருந்தேன்.

டாக்டர் சின்னப் பெண். மகளின் பல்லைக் காற்றடித்து உலர்த்தி, விளக்குப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"கறை மேலாப்புலதான் இருக்குதுங்க. பல்லு நல்லா கெட்டியா இருக்குது. இதை நான் ராவ மாட்டனுங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அவ்ளோ தூரத்துல இருந்து பஸ்ஸேறி வந்திருக்கறோம். கேட்டதைச் செஞ்சு குடுங்க. இல்லைன்னா வேற எடம் பாத்துக்கறோம்" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அவர் முகம் சுளிக்கவில்லை. "மொதல்ல கறையை மட்டும் லேசா தேய்ச்சு எடுத்துப் பாப்பங்க. ஊசி கெடையாது, கொடையறது கெடையாது. புடிக்கலைன்னா அப்பறம் கேப் போட்டுக்கலாம். ராவுன பல்லு மட்டும் திரும்ப வளராதுங்க."

நான் தையல்காரி. பின்னாளில் பிரித்துவிட வேண்டியிருக்குமே என்று, உள்ளே துணி விடாமல் ஒரு ரவிக்கைகூட நான் வெட்டியதில்லை. துணிக்கு இருந்த இந்தப் புத்தி பெற்ற பெண்ணின் பல்லுக்கு எனக்கு வரவில்லையே என்று உறைத்தது. ஆனாலும் வீம்பாக உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் என் வாயைப் பார்த்தார். "உங்க பல்லை எதுக்குங்க எடுத்தாங்க? சொத்தையா?"

"இல்லைங்க. கறைதான்."

இத்தனை வருடமாகத் தினமும் செட்டைக் கழற்றிக் கழுவுகிறேன். அதெல்லாம் நல்ல பற்கள், சும்மா பிடுங்கிப் போட்டார்கள் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்போதுதான் மகள் வாயைத் திறந்தாள். "எனக்கு பயமா இருந்துதும்மா. நீ திட்டுவேன்னுதான் சொல்லல."

"அப்ப இவங்க சொல்றபடியே செய்யட்டும்" என்றேன்.

ஈறில் படாமல் ரப்பர் விரிப்பு மாட்டி, ஏதோ ஒரு மருந்தைப் பல்லில் தடவி, சின்ன ரப்பர் குமிழால் மெல்ல மெல்லத் தேய்த்தார். ஒவ்வொரு தடவையும் கழுவிப் பார்த்துக்கொண்டார். மகள் ஒரு முறைகூட 'ஆ' என்று சொல்லவில்லை. நான்தான் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த வாரம் இன்னொரு முறை போனோம். அவ்வளவுதான். பால் வெள்ளையெல்லாம் ஆகவில்லை. அங்கங்கே லேசாகத் திட்டு தெரிகிறது. ஆனால் அந்தப் பழுப்பு போய்விட்டது. அவள் கண்ணாடியில் பல்லைக் காட்டிச் சிரித்தபோது, நெஞ்சில் ஏற்றி வைத்த பாறாங்கல்லை யாரோ இறக்கிவிட்டதுபோல இருந்தது.

சொன்ன தேதியில் வேலையில் சேர்ந்தாள். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவள், ஒரு முழுக் கரும்பைக் கையில் எடுத்து, முன்பல்லால் கடித்துச் சரக்கென்று தோலை இழுத்து உரித்தாள். அந்தச் சத்தத்தை நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன். என் பேச்சுக்கு யாராவது மறுபேச்சு பேசினால் சும்மா விட மாட்டேன் என்பது ஊருக்கே தெரியும். அப்படிப்பட்ட நான், என் பேச்சை ஒருவர் கேட்காமல் போனாரே என்று இன்றைக்கும் நினைத்து நினைத்து நிம்மதி அடைவது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.