தலைப்பாகையின் ஓரம்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். இல்லையென்று எழுதினால் என் வீட்டுக்காரரே விழுந்து விழுந்து சிரிப்பார். ஆனால் மனுஷர் மேல் வராத அளவு கோபம் ஒரு ஜடப்பொருள் மேல் வந்தது, ஏற்காட்டில் எங்கள் போட்டோ ஸ்டுடியோவுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிய வருடத்தில்தான். தொண்ணூறுகளின் கடைசி. வீட்டுக்காரர் ஏரிக்கரையில் நின்று சுற்றுலா வந்தவர்களைப் படம் எடுப்பார். நான் கடைக்குள் உட்கார்ந்து படங்களைத் திருத்துவேன். இருபது வருடம் நெகட்டிவின் மேல் மயிரிழை பிரஷ்ஷால் புள்ளி வைத்து வைத்து என் கண் பாழாகியிருந்தது. அதனால் கம்ப்யூட்டர் வந்ததும் பிரஷ்களைக் கழுவி டப்பாவில் போட்டு மூடிவிட்டு, அப்பாடா என்றேன்.

அந்த அப்பாடா ஒரு வாரம் கூடத் தாங்கவில்லை.

படத்தில் ஏதாவது ஒன்றை மட்டும் மாற்ற வேண்டுமென்றால், முதலில் 'இதுதான் அது' என்று கம்ப்யூட்டருக்கு வளைத்துக் காட்ட வேண்டும். எனக்கு அப்போது இரண்டு வழி தெரியும். ஒன்று சுருக்குக்கயிறு. மவுஸை அழுத்தியபடி உருவத்தின் ஓரத்தைப் பிடித்து ஒரே மூச்சில் சுற்றி வர வேண்டும். கை எடுத்தால் போச்சு, கயிறு தானாகச் சுருங்கி மூடிக்கொள்ளும். இன்னொன்று மந்திரக்கோல். ஓரிடத்தில் தொட்டால் அக்கம்பக்கத்தில் அதே நிறமுள்ளதெல்லாம் வந்து சேரும். எது சேர்ந்ததோ அதைச் சுற்றி எறும்பு ஊர்வது மாதிரி ஒரு கோடு ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் கோட்டில் ஒரு இடம் மட்டும் பிசகினால், அதை மட்டும் கொஞ்சம் நகர்த்தி வைக்க எனக்குத் தெரியவில்லை. தையல்காரர் சாக்பீஸ் கோடு கோணினால் அந்த இரண்டு அங்குலத்தைத் தட்டிவிட்டு மறுபடி போடுகிறார். நான் மட்டும் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா?

"மவுஸ் என்ன பாவம் பண்ணுச்சு? அதைப் போட்டு ஏன் இந்த அடி அடிக்கிற?" என்பார் வீட்டுக்காரர்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து மலைக்கிராமமான செம்மநத்தத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தார். என் வயதுதான் இருக்கும். மஞ்சள் பைக்குள் ஒரு காலண்டர் அட்டை, அட்டைக்குள் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். எஸ்டேட்டின் காப்பிக் களத்தில் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து எடுத்தது. பின்னால் ஒரே பனிமூட்டம். பின்வரிசையில் வெள்ளைத் தலைப்பாகையோடு நின்ற ஒரு இளைஞரின் மேல் விரல் படாமல் சுட்டிக்காட்டினார்.

"ஏனுங்க, இவருதான் எங்க ஊட்டுக்காரருங்க. போன ஐப்பசியில தவறிட்டாரு. வர்ற ஞாயித்துக்கெழம வருசம் கும்புடோணும். இவர மட்டும் தனியாப் பெருசு பண்ணிக் குடுப்பீங்களா?"

"வேற போட்டோ இல்லீங்களா? இதுல மொகமே நகத்தளவுதான் இருக்கு."

"போட்டோன்னாலே ஓடிப்போயிருவாருங்க. ஓட்டு கார்டுக்குப் படம் புடிக்க வந்தன்னிக்கிக் காப்பிக்காட்டுக்குள்ள போயி ஒளிஞ்சுக்கிட்டாரு. எஸ்டேட்டுல எல்லாரும் நின்னே ஆவோணும்னு சொன்னதால இதுல மாட்டிக்கிட்டாரு. இது ஒண்ணுதானுங்க இருக்குது. இத விட்டா எம் பேரனுக்கு அவரு மொகம் எப்படின்னே தெரியாது."

வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

படத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்கினேன். பிரச்சினை முகத்தில் இல்லை, தலைக்கு மேலே. பனியும் வெள்ளை, தலைப்பாகையும் வெள்ளை. மந்திரக்கோலால் தலைப்பாகையைத் தொட்டேன். எவ்வளவு வித்தியாசமான நிறம் வரை சேர்க்கலாம் என்று அதற்கு ஒரு எண் கொடுக்க வேண்டும். பத்து என்று எண் கொடுத்தால் ஒரு சுண்டைக்காய் அளவு இடம் மட்டும் சேர்ந்தது. நாற்பது கொடுத்தால் தலைப்பாகை, பனி, பக்கத்து ஆளின் சட்டை எல்லாம் ஒன்றாகிவிட்டது. "கண்ணு தெரியலையா சனியனே, தலைப்பாகை எது, பனி எதுன்னு!" என்று கத்திவிட்டேன். கத்திய பிறகு ஒரு சந்தேகம் வந்தது. எனக்கு மட்டும் எப்படித் தெரிகிறது?

ஒரு அட்டையில் பென்சில் முனையால் துளை போட்டு, திரையின் மேல் வைத்துப் பார்த்தேன். துளை வழியாகத் தலைப்பாகையின் ஒரு துண்டு. நகர்த்தினேன், பனியின் ஒரு துண்டு. அட, இரண்டும் ஒரே வெள்ளை! அட்டையை எடுத்ததும் இரண்டும் பிரிந்துவிட்டன. தலைப்பாகை எப்படி இருக்கும் என்று எனக்கு முன்பே தெரிந்ததால்தான் கண் ஓரத்தைக் கண்டுபிடித்தது. கம்ப்யூட்டர் பாவம், துளை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்று முழுக்கக் கையில் கிடைத்த படத்தின் மேலெல்லாம் அந்த அட்டையை வைத்துப் பார்த்தேன். சாப்பிட வரச் சொல்லி வீட்டுக்காரர் மூன்று தடவை கூப்பிட்டாராம். எனக்குக் காதில் விழவில்லை.

மறுநாள் சுருக்குக்கயிற்றோடு போராடி, தலைப்பாகையை உருண்டையாக, சுத்தமாக வெட்டி எடுத்தேன். தலைப்பாகையின் இடது பக்கத்திலிருந்து தோள் வரை வெள்ளையாக ஒரு பட்டை இறங்கியிருந்தது. பனியின் பிசிறு என்று நினைத்து அதை நீக்கினேன். நீக்கிய இடத்தில் காது இல்லை. பனி தின்றுவிட்டது போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். ஸ்டுடியோக்காரர்களுக்குக் காது ஒரு நோய். பாஸ்போர்ட் படத்துக்கு இரண்டு காதும் தெரிய வேண்டும் என்பதால், நாள் முழுக்க "முடியை ஒதுக்குங்க, காது தெரியட்டும்" என்று சொல்லிச் சொல்லி, ஒரு காதோடு யாரையும் வெளியே அனுப்ப மனசு வராது. வலது காதைப் பிரதி எடுத்து, கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி, இடது பக்கம் ஒட்டினேன். நிழல் கூடப் போட்டேன். எத்தனை பெருமை எனக்கு! வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் "பிரமாதம்" என்றார். முகத்துக் கீறல்களை எடுக்க இன்னும் இரண்டு நாள் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் பிரிண்ட்டை இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணைப் பார்த்தார், வாயைப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு வாசல் வெளிச்சத்துக்குப் போய்த் திரும்பி வந்தார்.

"இந்தக் காது யாருதுங்க?"

எனக்குச் சுருக்கென்றது. "அவருதுதாங்க. அந்தப் பக்கத்துக் காதை எடுத்து…"

"அவருக்கு அந்தக் காது இல்லீங்களே. சின்ன வயசுல பலாப்பழ சீசன்ல கரடி அடிச்சுருச்சு. அதுக்குத்தானுங்க உருமாத் தொங்கல அந்தப் பக்கம் இழுத்து விட்டுக்குவாரு." தலைப்பாகையைத்தான் அவர்கள் உருமா என்பார்கள். "கண்ணாலமாகி ஏழு மாசம் கழிச்சுத்தான் எனக்கே தொங்கல விலக்கிக் காட்டுனாரு. வேற ஒருத்தரும் பாத்ததில்ல."

நான் பனி என்று தூக்கியெறிந்தது அந்தத் தொங்கலைத்தான். வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. ஆள்காட்டி விரலைக் காதின் மேல் வைத்து மறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொங்கலத் திருப்பி வெக்க முடியுங்களா?"

பழைய ஸ்கேன் இருந்தது. அதிலிருந்து தொங்கலை மட்டும் வளைத்து எடுத்து, திருத்திய படத்தின் மேல் வைக்க வேண்டும். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கயிறு போட்டேன். நான்காவது தடவையும் கோணியதும் கோபத்தில் கீபோர்டில் ஒரு தட்டுத் தட்டினேன். திரை சிவந்துவிட்டது. எறும்புக் கோட்டுக்கு வெளியே இருந்ததெல்லாம் சிவப்பு, உள்ளே மட்டும் படம் அப்படியே.

"ஐயோ, போச்சு!" என்றேன். பிறகுதான் உற்றுப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த சிவப்பு அது. நெகட்டிவில் வெளிச்சத்தை அடக்க வேண்டிய இடத்தில் இருபது வருடம் நான் பூசிய சாயமும் இதே சிவப்புத்தான். சாயமென்றால் பிரஷ்ஷுக்குக் கட்டுப்படுமே! திரையில் இருந்த பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்தேன். கறுப்பு எடுத்தால் சிவப்பு ஏறியது, வெள்ளை எடுத்தால் கரைந்தது, சாம்பல் எடுத்தால் பாதி மட்டும். எந்த எழுத்தைத் தட்டினேன் என்று ஒவ்வொன்றாக அழுத்திக் கண்டுபிடித்தேன். மறுபடி அழுத்தியதும் சிவப்புப் போய், எறும்புகள் நான் திருத்திய புது ஓரத்தில் ஊர்ந்தன. பிசகிய இடத்தை மட்டும் நகர்த்த வழி இத்தனை நாள் உள்ளேயே இருந்திருக்கிறது. எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

ஆனால் பனி எங்கே முடிந்து துணி எங்கே தொடங்குகிறது என்று என் கண்ணுக்கு இன்னும் தெரியவில்லை. அந்த அம்மாளுக்குத் தெரிந்தது. "இன்னுங் கொஞ்சம் கீழ வருமுங்க. இங்க ஒரு மடிப்பு. நுனி கிழிஞ்சிருக்கும், நேரா வெட்டிராதீங்க" என்று விரலால் திரைக் கண்ணாடியில் காட்டிக்கொண்டே வந்தார். அவர் சொன்ன பிறகு பார்த்தால் மடிப்பு இருந்தது. கிழிசலும் இருந்தது. அவர் விரல் போன வழியில் நான் சாயத்தை ஏற்றி இறக்கினேன். தொங்கல் முழுசாகத் தனியே வந்தது.

அதை வைப்பதற்கு முன்னால் காதை அழிக்க ஆரம்பித்தேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அதை எதுக்கு அழிச்சுக்கிட்டு இருக்க? மேல துணி வந்துட்டா யாருக்குத் தெரியப் போகுது? அவங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

நியாயமாகத்தான் பட்டது. அந்த அம்மாளைப் பார்த்தேன்.

"பஸ்ஸு போனாப் போகட்டுமுங்க. எடுத்துருங்க," என்றார். "அடியில என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியுமில்லீங்களா."

காதை எடுக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. கீழே ரோட்டில் பஸ் ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பும் சத்தம் கேட்டது. அந்த அம்மாள் திரும்பிப் பார்க்கவே இல்லை. அந்த இடம் வெறுமையானதும் கையை நீட்டித் திரையில் அதைத் தொட்டார்.

"இப்ப மூடுங்க," என்றார்.