மேலே முப்பத்தெட்டு மீற்றர்

சரக்கு தள்ள வேண்டுமென்றால் நான் வாய் கூசாமல் பொய் சொல்வேன். முந்தாநாள் மீனைக் காலையில் வந்ததென்று சத்தியம் செய்திருக்கிறேன். ஆனால் இது நடந்தது. நீங்கள் நம்பாவிட்டால் எனக்கொன்றும் நட்டமில்லை.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில், ஒடாஹுஹு என்ற ஊரில் எனக்கு மீன்கடை. என் ஒரே மகள் கஜானி பனியாறுகள் எவ்வளவு உருகுகின்றன என்று அளக்கும் ஆராய்ச்சியாளர். இரண்டு வருடங்களுக்கு முன், தெற்குத் தீவில் அளக்கப் போன இடத்தில், பனிப்பிளவுக்குள் விழுந்தாள். ஆறு நாள் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை.

அவளோடு வேலைசெய்த சிந்து, தமிழ்நாட்டுப் பிள்ளை, வீட்டுக்கு வந்தாள்.

"பனியாறு நகர்ந்துகிட்டே இருக்கும் அங்கிள். உருக உருக, ஒருநாள் அவளை வெளிய கொண்டுவந்து விட்டுரும்."

"எத்தனை வருசத்தில?"

"நாப்பது."

எனக்கு அறுபத்துமூன்று. "கொஞ்சம் குறைச்சுச் சொல்லன், பிள்ளை."

அவள் அழுதுவிட்டாள். அன்றிலிருந்து, உலகம் இன்னும் சூடாக வேண்டுமென்று கோயிலில் நின்று கும்பிடுகிறவன் நான் ஒருவன்தான். மகள் கேட்டால் என் முகத்தில் முழிக்க மாட்டாள்.

இந்தப் பெப்ரவரி மூன்றாம் திகதி. பிற்பகல் 3.17. கடையின் குளிரறைக்குள் நின்றேன். இரும்புச் சுவர். உள்ளே ஒருநாளும் சிக்னல் வராது.

போன் அடித்தது. திரையில் எண் இல்லை.

சொட்... சொட்... தண்ணீர்.

பிறகு மூச்சு.

"அப்பா... மேல முப்பத்தெட்டு மீற்றர்."

கஜானியின் குரல். ஆனால் அவள் இங்கே பிறந்தவள். என்னோடு ஆங்கிலத்தில்தான் கதைப்பாள். இது தமிழ்.

மறுநாள். 3.17.

"முப்பத்தேழு தொண்ணூறு."

விளங்கிவிட்டது. தனக்கு மேலே கிடக்கும் பனியை அளக்கிறாள்.

தினமும் கோட்டு மாட்டிக்கொண்டு குளிரறையில் காத்து நின்றேன். தினமும் பத்து சென்ரிமீற்றர் குறைந்தது.

பன்னிரண்டாம் நாள்.

"முப்பத்தாறு தொண்ணூறு..."

"கெதியா வா, குஞ்சு."

சொட்...

சொட்...

"அவசரப்படுத்தாதேங்கோ, அப்பா."

அவ்வளவுதான். பிறகு அடிக்கவேயில்லை.

மார்ச்சில் சிந்து வந்தாள். பனியில் புதைந்தவரைத் தேடிப் பிடிக்க, நெஞ்சில் கட்டும் ஒரு கருவி இருக்கிறதாம். சிக்னல் அனுப்புமாம்.

"அவ விழுந்த அன்னைக்கு அது ஆஃப்ல இருந்துச்சு அங்கிள். அதனாலதான் எங்களால கண்டுபிடிக்க முடியல. இந்தத் தடவை நாங்க மேல வேலை பாத்துட்டிருக்கோம்... பெப்ரவரி மூணு, மதியம் மூணு பதினேழு. அவளோட சிக்னல் வந்துச்சு. பன்னெண்டு நாள். பேட்டரி தீர்ற வரைக்கும்."

"பழுதாகித் தானா வேலை செய்திருக்கும்," என்றேன்.

சிந்து என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தானா ஆகாது அங்கிள். சுவிட்சைக் கையால திருப்பணும்."