மாற்றலாகி வந்த சிவப்புக் கோழி

புதிய கோழியைப் பழைய கூட்டத்தோடு சேர்க்கும்போது, முதல் இரண்டு வாரம் நடுவில் கம்பி வலை இருக்க வேண்டும். ஒன்றையொன்று பார்க்கலாம், கொத்த முடியாது. கோழி வளர்ப்புக் கையேட்டில் இந்த விதிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டவன் நான்தான். ஆனால் அரசுப் பணியில் இருந்த காலமெல்லாம், மாற்றலாகி வருகிறவர் அன்று காலையே வேலையில் சேர வேண்டும் என்று சொல்லிப் பழகியவனும் நான்தான். அந்தப் பழக்கத்தில், பாலோ தோட்டத்திலிருந்து வந்த சிவப்புக் கோழியைக் காரிலிருந்து இறக்கி நேராகக் கூண்டுக்குள் விட்டேன்.

அது என் மனைவியின் அக்காவுடைய கோழி. அவர் தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, ஜொகூர் பாருவில் மகனுடைய அடுக்குமாடி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். பாலோவில் கோழியைக் கேட்டு வந்த இரண்டு பேரும் குழம்புக்காகவே கேட்டார்கள்.

"ஒங்க வீட்லயும் ஒத்துப்போகலன்னா சொல்லிருங்க தம்பி. அப்புறம் அறுக்கத்தான் குடுக்கணும்," என்றவர், கார் கிளம்பும்வரை கோழியின் பக்கம் திரும்பவே இல்லை.

பத்து பாகாட் நகரில் எங்கள் வீட்டுப் பின்புறம் ஏற்கெனவே நான்கு கோழிகள். அதிகாரம் கறுப்புக் கோழியிடம். பத்தே நிமிடத்தில் சிவப்பு மூலையில் ஒடுங்கி நின்றது, கொண்டையில் ரத்தம். மறுநாள் முதுகில் இறகு குறைந்திருந்தது. தீனித் தட்டை அணுக முடியவில்லை. மூன்றாம் நாள் மற்ற மூன்றும் கொத்த ஆரம்பித்தன. மேலதிகாரிக்கு யாரைப் பிடிக்கவில்லை என்று தெரிந்துவிட்டால் மற்றவர்களுக்கு வேலை சுலபம்.

முறைப்படி கால்நடை அலுவலகத்துக்கு மலாயில் இரண்டு பக்கக் கடிதம் எழுதி, கோப்புக்கு நகலும் எடுத்தேன்.

"கோழிக்கு ரத்தம் வடியுது, நீங்க நகல் எடுத்துக்கிட்டு இருக்கீங்க," என்றாள் மனைவி.

அதனால் சிவப்பைத் தனிக் கூடையில் அடைத்துத் தேற்றினேன். தேறியதும் திரும்ப விட்டேன். மறுபடியும் அடி, மறுபடியும் கூடை. மூன்று முறை இப்படி நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா தொலைபேசியில் விசாரிக்கும்போது, "நல்லா இருக்குக்கா" என்று சொல்லிவிட்டு மனைவி என்னைப் பார்ப்பாள்.

பக்கத்து வீட்டு பாய் சாப்பாட்டுக் கடை நடத்தி ஓய்வு பெற்றவர். வேலிக்கு அந்தப்பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா சார், அடி வாங்குனத உள்ள போட்டுட்டு அடிச்சத வெளிய விட்டிருக்கீங்க?"

"பாதுகாப்புக்குத்தான் பாய்."

"யாருக்குப் பாதுகாப்பு? ஒவ்வொரு வாட்டியும் அது புதுசாதான்லா கூண்டுக்குள்ள போவுது. கறுப்ப நாலு நாள் புடிச்சுப் போடுங்க. எங்க கடையில வம்பு பண்ற சமையல்காரனுக்கு நான் அப்படித்தான் லீவு குடுப்பேன்."

என் பழைய அலுவலகம் நினைவுக்கு வந்தது. அலுவலகத்தில் ஒருவர் இன்னொருவர்மீது புகார் கொடுத்தால், புகார் கொடுத்தவரைத்தான் மூவார் ஊர்க் கிளைக்கு மாற்றுவேன். அவருடைய நன்மைக்காக என்று குறிப்பும் எழுதுவேன். அடித்தவர் நாற்காலியிலேயே இருப்பார். கோப்பு மூடப்படும். நடைமுறையில் ஒரு குறையும் யாரும் கண்டதில்லை.

கறுப்பைப் பிடிக்க முக்கால் மணி நேரமும் ஒரு செருப்பும் செலவாயின. சிவந்த காயத்தைக் கண்டால் கோழிகளுக்குக் கொத்தத் தோன்றும் என்பதால், மனைவி கொண்டையில் மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் பூசினாள். கூண்டின் மூலையில் இருந்த தண்ணீர் வாளிக்குப் பின்னால், கூட்டத்தின் பார்வை படாமல், இன்னொரு தீனித் தட்டு வைத்தேன். கறுப்பு கூடைக்குள்ளிருந்து நான்கு நாளும் கத்தியது. வெளியே, கட்டளையிட ஆளில்லாததால், மற்ற மூன்றும் சிவப்பை மறந்துவிட்டன.

ஐந்தாம் நாள் கறுப்பு இறகைச் சிலிர்த்துக்கொண்டு வெளியே வந்தது. இதுவரை அதற்கு ஜால்ரா போட்ட புள்ளிக்கோழி அதன் தலையில் ஒரு கொத்து வைத்தது. கறுப்பு கொஞ்சம் நின்றது. பிறகு வாளிக்குப் பின்னால் போனது. அங்கே மேய்ந்துகொண்டிருந்த சிவப்பு ஓரடி நகர்ந்து இடம் விட்டது. இரண்டும் தின்றன.

கிறிஸ்துமஸுக்கு அக்கா வந்தார். கோழியைத் தூக்கிப் பார்த்து, "எளச்சிருக்கு," என்றார். "இங்கயே இருக்கட்டும் தம்பி."

நான் எழுதி மூன்று மாதம் கழித்து, கால்நடை அலுவலகத்திலிருந்து பதில் கடிதம் வந்தது: பாதிக்கப்பட்ட கோழியை நேரில் கொண்டுவரவும். பாதிக்கப்பட்ட கோழி அப்போது ஆறு முட்டைகள்மேல் அடைகாத்துக்கொண்டு, கிட்டே போன என் கையையும் கறுப்பின் மூக்கையும் ஒரே மாதிரி கொத்திக்கொண்டிருந்தது. கடிதத்தின் ஓரத்தில் வழக்கம்போலக் குறித்தேன்: கிடைத்த நாள், சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்த முதல் திங்கட்கிழமை.