ஜெராக்ஸ் அக்காவும் நாத்தனாரின் பாஸ்வேர்டும்

அவளுக்கென்று ஒரு சொந்தப் பெயர் இருப்பது தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். தெருவில் மற்ற எல்லோருக்கும் அவள் ஜெராக்ஸ் அக்கா. அவளைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்றே கூப்பிட்டார்கள். முதலில் கொஞ்சம் உறுத்தியது. பிறகு, கூப்பிடுகிறவர்கள் காசு கொடுத்துவிட்டுத்தானே போகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

மருந்துக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே நெருக்கிப் பிடித்து உட்கார்ந்திருக்கும் ஒற்றை அறைதான் கடை. இரண்டு ஜெராக்ஸ் மெஷின், ஒரு லேமினேஷன் மெஷின், சுவர் உயரத்துக்குப் பேப்பர் கட்டுகள், வாசலைப் பார்த்தபடி ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் ஒரு கால் ஆடுகிற ஸ்டூல். வருகிறவர்கள் அந்த ஸ்டூலில் பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் தங்கள் மெயிலைத் திறந்து, பயணச்சீட்டோ சான்றிதழோ பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள்.

அக்காவுக்கு இரண்டு குணங்கள் தூக்கல். ஒன்று உபசாரம், இன்னொன்று வாய். யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல வராது. யார் எதைச் சொன்னாலும் தன்னோடு வைத்துக்கொள்ளவும் வராது. மருந்துக் கடைக்காரர் மகளுக்குப் பரீட்சையில் எவ்வளவு, தையல்காரர் முட்டி வலிக்கு யாரிடம் போகிறார் என்பதெல்லாம் பேப்பர் சூடாக வெளியே வருவதற்குள் காத்திருக்கிறவர் காதுக்குப் போய்விடும்.

கம்ப்யூட்டரிடமும் அவள் உபசாரமாகத்தான் இருந்தாள். யாராவது பாஸ்வேர்டைத் தட்டியதும் திரையின் மூலையிலிருந்து சின்னதாக ஒரு கட்டம் எட்டிப் பார்த்து, இதைச் சேமித்து வைக்கட்டுமா என்று கேட்கும். வந்தவர் கையைப் பிசைந்துகொண்டு அக்காவைப் பார்ப்பார்.

"அது ஏதாவது கேட்டுக்கிட்டேதான் இருக்கும். ஆமான்னு அமுக்கிடுங்க, போயிடும்" என்பாள் அக்கா.

ஆமாம் என்று அமுக்கியவர்கள் அடுத்த முறை வரும்போது, பெயரும் பாஸ்வேர்டும் தானாகவே வந்து நிற்கும். அக்காவுக்கு அதில் பெருமை பிடிபடாது. "பாத்தீங்களா, என் கம்ப்யூட்டருக்கு ஆளு அடையாளம் தெரியும்" என்று சொல்லிச் சொல்லி மகிழ்வாள். இந்த அழகில், சாயங்காலம் கடையைச் சாத்தும்போது மட்டும் ஷட்டர் பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் காலையில் பல் டாக்டர் கடைக்குள் நுழைந்தார். பக்கத்துக் கட்டடத்தின் மாடியில் கிளினிக் வைத்திருப்பவர், அதிர்ந்து பேசாத மனிதர். அன்றைக்கு அவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"அக்கா, நான் வேலைக்கு மனுப் போட்டிருக்கேனாம்."

"நல்லதுதானே டாக்டர். எங்கே?"

"குடோன்ல. சூப்பர்வைசர் வேலை. நேர்ல வாங்கன்னு மெயில் வந்திருக்கு. என் மனைவி பாத்துட்டா. பல்லு அலுத்துப் போச்சுன்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமே, நான் என்ன தடுக்கவா போறேன்னு ராத்திரியிலிருந்து முகம் கொடுத்துப் பேசல."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. டாக்டரின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள். அவர் தன் போனில் அந்த மனுவைக் காட்டினார். அனுப்பிய முகவரி டாக்டருடையது, கூடவே போன பயோடேட்டா வேறு யாருடையதோ. படத்தைப் பார்த்ததும் அக்காவுக்கு நினைவு வந்தது. நேற்று மத்தியானம் அவசரமாக வந்து, இதே ஸ்டூலில் உட்கார்ந்து எதையோ அனுப்பிவிட்டுப் போனவர்.

விஷயம் இதுதான். அவருக்குச் சற்று முன்னால் டாக்டர் தன் மெயிலைத் திறந்து ஏதோ பிரிண்ட் எடுத்திருந்தார். யார் கடைசியாகத் திறந்தாரோ அவர் பெயர்தான் முதலில் வந்து நிற்கும். வந்தவர் கட்டங்கள் நிரம்பியிருப்பதைப் பார்த்து, கடையின் வசதி போலிருக்கிறது என்று நினைத்து உள்ளே போயிருக்கிறார். மேலே யார் பெயர் என்று பார்க்கும் நிதானம் வேலை தேடுகிறவருக்கு எங்கே இருக்கும்?

நல்லவேளை, பயோடேட்டாவில் போன் நம்பர் இருந்தது. டாக்டரே அவரைக் கூப்பிட்டு, வரச் சொல்லியிருக்கிறார்கள் என்ற செய்தியையும் சொல்லி, வாழ்த்தும் சொன்னார். அவர் போய்ப் பார்த்து அந்த வேலையை வாங்கிக்கொண்டது தனிக் கதை. டாக்டரின் மனைவியைச் சமாதானப்படுத்த அக்காவே மாடியேறிப் போய்ச் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

ஆனால் டாக்டர் கிளம்பும்போது சொன்ன ஒரு வார்த்தை அக்காவுக்குள் முள்ளாக நின்றுவிட்டது. "அவர் நல்லவரா இருந்தார், மனுவோட விட்டார். என் மெயில்ல நோயாளிங்க விவரமெல்லாம் இருக்குக்கா."

அன்றைக்கே கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரரை வரவழைத்தாள். பேச்சுக்குக் காசு கொடுக்கிறவர் போல எண்ணிப் பேசுகிற ஆள் அவர். ஸ்டூலில் உட்கார்ந்து எங்கெங்கோ தட்டி ஒரு பக்கத்தைத் திறந்தார். வரிசையாகப் பெயர்கள். உருட்டினார், வந்துகொண்டே இருந்தன. பல் டாக்டர், தையல்காரர், எதிர்வீட்டு ரிட்டயர்டு ஆபீசர், யாரென்றே தெரியாத வெளியூர்க்காரர்கள், நடுவில் அக்காவே. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் வரிசையாகப் புள்ளிகள், அதற்குப் பக்கத்தில் ஒரு கண்.

"இந்தக் கண்ணை அமுக்கினா பாஸ்வேர்ட் தெரியும்" என்றார்.

"யார் அமுக்கினாலுமா?"

"சாதாரணமா கம்ப்யூட்டரோட பாஸ்வேர்டை ஒரு தடவை கேக்கும். நீங்க இதுக்குப் பூட்டே போடலியே."

"ஷட்டருக்குப் போட்டிருக்கேனே!"

ரிப்பேர்க்காரர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு, அவர் அளவுக்கு நீளமான ஒரு பிரசங்கமே செய்தார். "வீட்ல நீங்க ஒருத்தர் மட்டும் தொடுற மெஷின்னா, அதுக்கு நல்ல பூட்டும் இருந்தா, சேமிச்சு வைக்கிறது தப்பில்ல. ஒரே பாஸ்வேர்டை எல்லாத்துக்கும் போடுறதுக்கு அது எவ்வளவோ மேல். இது கடை. போறவங்க வர்றவங்க எல்லாம் உட்காருற இடம். இங்க ஒண்ணுகூட இருக்கக் கூடாது. மொத்தமா அழிச்சுடறேன். அதுக்கு முன்னாடி இவங்க எல்லார்கிட்டயும் சொல்லி மாத்திக்கச் சொல்லுங்க." சொல்லிவிட்டு, சாப்பிட்டுவிட்டு வருவதாகக் கிளம்பிப் போனார்.

கடையில் அக்காவும் அந்தப் பட்டியலும் மட்டும்.

அவளைப் போன்ற ஒருத்தியை அந்த நிலைமையில் தனியாக விட்டுவிட்டுப் போனது ரிப்பேர்க்காரர் செய்த தப்பு என்றுதான் சொல்ல வேண்டும். முதலில் அவள் எழுந்து மெஷினைத் துடைத்தாள். பேப்பரை அடுக்கினாள். வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தாள். வெயிலில் ஈ காக்கை இல்லை. திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். டாக்டருடையதை அவள் தொடவில்லை. தையல்காரருடையதையும் தொடவில்லை. அந்த மட்டுக்கும் நேர்மையானவள்தான். ஆனால் உருட்டிக்கொண்டே போகையில் நாத்தனாரின் பெயர் வந்தது.

நாத்தனார் என்றால் கணவனின் தங்கை. மழலையர் பள்ளியில் டீச்சர். பிள்ளைகள் வண்ணம் தீட்டுவதற்கு யானை, பட்டாம்பூச்சி, கப்பல் என்று படங்களை இறக்கிப் பிரிண்ட் எடுக்க வாராவாரம் கடைக்கு வருவாள். வந்தால் "நல்லா இருக்கீங்களா அண்ணி" என்று சிரிப்பாள். சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும். கொஞ்ச காலமாகவே அப்படித்தான். ஏன் என்று அக்காவுக்குப் பிடிபடவில்லை. கணவரிடம் கேட்டால், "உங்க ரெண்டு பேருக்கும் நடுவில நான் வரல" என்று செய்தித்தாளுக்குள் போய்விடுவார்.

சொந்தக்காரிதானே, பார்த்தால் என்ன என்று கை அரித்தது. கண்ணை அமுக்கினாள்.

ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல், தமிழில் ஒரு வாக்கியம் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'அண்ணி வாயை மூடுங்க.' கடைசியில் ஒரு ஏழு.

அக்காவுக்குக் காது வரை சூடேறியது. மறுபடி படித்தாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. 'மூடு' என்றில்லை, 'மூடுங்க' என்றுதான் இருந்தது. இதே ஸ்டூலில் உட்கார்ந்து, எதிரே நின்றவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, முதல் தடவை இதைத்தானே தட்டியிருப்பாள்! இதைச் சேமித்து வைக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டிருக்கும். ஆமான்னு அமுக்கு என்று சொன்னதும் நான்தானே!

அழுவதா, சண்டைக்குப் போவதா என்று தெரியவில்லை. சண்டைக்குப் போனால், உனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு ஒரு செய்தி கிடைத்து, அதை யாரிடமும் சொல்ல முடியாமல் போனது. ரிப்பேர்க்காரர் திரும்பி வந்தபோது, "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டதோடு சரி. அவருக்கே ஆச்சரியம்.

இரண்டு மூன்று நாள் கடை கடையாக, வீடு வீடாக ஏறி இறங்கித் தெரிந்த எல்லோரிடமும் சொன்னாள்; வெளியூர்க்காரர்களுக்கு மெயில் போட்டாள். தையல்காரர் கத்திரிக்கோலைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டு, "என் மெயில்ல என்னக்கா இருக்கு, ஜாக்கெட் அளவுதான்" என்றார். "யாரோட அளவு?" என்று அக்கா கேட்டதும்தான் முகம் மாறிப் போனை எடுத்தார். நாத்தனாரைக் கடைசிக்கு வைத்திருந்தாள். தள்ளிப் போட்டாள் என்பதுதான் சரி.

பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு மழலையர் பள்ளிக்குப் போனாள். நாத்தனார் தரையில் உட்கார்ந்து காகிதப் பட்டாம்பூச்சிகளை வெட்டிக்கொண்டிருந்தாள். அக்காவுக்குக் கிடைத்தது ஒரு குட்டி நாற்காலி. முழங்கால் மோவாயில் இடிக்க அதில் உட்கார்ந்து, ஒப்பித்து ஒப்பித்துப் பழகிவிட்ட விஷயத்தைச் சொன்னாள்.

"அப்படியா அண்ணி" என்றாள் நாத்தனார், தலையைத் தூக்காமல். "நீங்க எதையும் பாக்கலியே?"

"சீச்சீ. எனக்கு எதுக்கு அதெல்லாம்."

"சரி. கடைசில இருக்கிற நம்பரை மட்டும் மாத்திடறேன்."

"நம்பரை மாத்தினா போதாது, ரிப்பேர்க்காரர் தெளிவா சொல்லிட்டாரு. ஏழை எட்டாக்கினா ஆச்சா? முன்னாடி இருக்கிற 'மூடுங்க' எல்லாத்தையும் சேர்த்துத்தான்…"

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. கத்திரிக்கோல் நின்றுவிட்டது.

"அண்ணி."

"ம்."

"பாத்தீங்களா?"

"ஒரே ஒரு தடவை" என்றாள் அக்கா, குட்டி நாற்காலியில் இன்னும் குட்டியாகி.

நாத்தனார் சிவந்துபோனாள். ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. "எப்போ வச்சேன்னு தெரியுமா? நான் கார் லைசன்ஸ் டெஸ்ட்ல திரும்பவும் ஃபெயில் ஆன அன்னிக்கு. உங்க கடைக்கு வந்தேன். வரிசையா ஆளு நிக்கிறாங்க. நீங்க எல்லார் முன்னாடியும், 'என் நாத்தனார் இன்னிக்கும் கம்பத்தை இடிச்சுட்டாளாம்'னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அதுல எங்க ஸ்கூல் பிள்ளையோட அப்பா ஒருத்தர்."

அக்காவுக்கு அந்த நாள் நினைவில்லை. அதுதான் அவளை அதிகமாகக் குத்தியது. அவளைப் பொறுத்தவரை அது பேப்பர் வெளியே வரும் நேரத்தில் சொன்ன ஒரு தமாஷ்.

"வீட்டுக்குப் போனதும் ஏதோ பாஸ்வேர்ட் மாத்தச் சொல்லிக் கேட்டுது. எனக்கு வேற எதுவும் தோணல" என்றாள் நாத்தனார். "அப்புறம் எல்லாத்துக்கும் அதையே வச்சுட்டேன். பேங்க், ஸ்கூல், கரண்ட் பில்…"

"எல்லாத்துக்குமா! அப்போ ஒரு நாளைக்கு எத்தனை தடவைடி என் வாயை மூடச் சொல்லியிருக்கே?"

"ஒவ்வொரு தடவையும் மனசு கொஞ்சம் ஆறும் அண்ணி."

அதை அவள் சொன்ன பாவனையில் அக்காவுக்குப் பொத்துக்கொண்டு சிரிப்பு வந்தது. நாத்தனாரும் அடக்கிப் பார்த்து முடியாமல் சிரித்தாள். கூட்டிப் பெருக்க வந்த ஆயா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, அப்புறம் வரலாம் என்று போய்விட்டார். சிரிப்பு ஓய்ந்த பிறகு, "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடி" என்றாள் அக்கா. "சொல்லியிருக்கக் கூடாதுதான்" என்றாள் நாத்தனார். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து பேங்குக்கு ஒன்று, ஸ்கூலுக்கு ஒன்று என்று தனித்தனியாக மாற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் அக்கா முகத்தைத் திருப்பி, சுவரில் ஒட்டியிருந்த யானையைப் பார்த்துக்கொண்டாள்.

ரிப்பேர்க்காரர் மறுபடியும் வந்து பட்டியலை அழித்தார். கம்ப்யூட்டருக்குப் பூட்டு வந்தது. யார் வந்தாலும், மூடியதும் எல்லாவற்றையும் மறந்துவிடுகிற தனி ஜன்னலைத்தான் இப்போது அக்கா திறந்து கொடுக்கிறாள். எல்லோருக்கும் அது பிடித்தது என்று சொல்ல முடியாது. எதிர்வீட்டு ரிட்டயர்டு ஆபீசர், அக்கா மாற்றச் சொன்னபோது பெரிதாகத் தலையாட்டியதோடு சரி. இப்போது வந்து உட்கார்ந்து வெறும் கட்டங்களைப் பார்த்து, "என்னக்கா, உங்க மெஷினுக்கு என்னைத் தெரியலியே" என்றார். பாஸ்வேர்ட் என்ன என்று கேட்டதற்கு, "அதை நான் எப்பவும் போட்டதே இல்லியே, அதுவே போட்டுக்குமே" என்றார். புது பாஸ்வேர்ட் வைப்பதற்காக அனுப்பப்படும் எண், அவர் எப்போதோ தூக்கிப் போட்ட போனுக்குப் போயிற்று. இருக்கிற வேலையை எல்லாம் போட்டுவிட்டு அக்கா அவரோடு மல்லுக்கட்டினாள். பேரப்பிள்ளைகள் படமெல்லாம் அந்த மெயிலில்தான் இருக்கிறது என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒருவழியாக மெயில் திறந்தபோது அவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்போ ஒரு நல்ல பாஸ்வேர்ட் யோசிச்சுப் போடுங்க சார். நீளமா. என்கிட்ட சொல்லக் கூடாது."

"சொல்லாட்டி நான் மறந்துடுவேனேக்கா."

"அதுக்கும் வழி இருக்கு. உங்க போன்லயே பூட்டி வச்சுக்கலாம். வாங்க, காட்டறேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள் அக்கா.