கட்டைவிரலில் லட்டு நெய்

ஒரு நல்ல மெஷினைக் கெட்ட மெஷின் என்று அரசாங்க அதிகாரி ஒருவரை நம்ப வைத்தேன். அதற்கு நான் பயன்படுத்தியது திருமலை லட்டு. இதை எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் இங்கேதான் வந்து நிற்கும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பென்ஷன் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை தாங்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். சித்தூரில் அதற்குக் கட்டைவிரல் ரேகையைப் பதிவு செய்யலாம் என்று முடிவு செய்து, மண்டல அலுவலகங்களுக்கெல்லாம் மெஷினும் கம்ப்யூட்டர் வேலையும் சேர்த்து டெண்டர் விட்டார்கள். திருப்பதியில் கம்பெனி வைத்திருக்கும் என் மாப்பிள்ளை விலைப்புள்ளி கொடுத்தார். சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் ஒரு பெண்மணி அவரைவிடக் குறைத்துக் கொடுத்தார். ஆர்டர் அவருக்கு என்று அறிவித்தார்கள்.

மாப்பிள்ளை மறுநாளே என் வீட்டுக்கு வந்தார், கையில் லட்டுப் பையோடு. "மாமா, நீங்க காலேஜ்ல இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தவரு. பென்ஷன்காரங்க சங்கத்துக்கும் செக்ரட்ரி. ஒரு ஆட்சேபம் எழுதிக் குடுங்க."

எழுதினேன். உழைத்துத் தேய்ந்த முதியவர்களின் விரல்களை அந்த மெஷினால் படிக்க முடியாது என்று எழுதினேன். அந்த மெஷினை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனால் எழுதி முடித்து வாசித்தபோது எனக்கே என் விரல்கள்மேல் பரிதாபம் வந்தது.

அதிகாரிக்கும் வந்திருக்க வேண்டும். இரண்டு மெஷின்களையும் கொண்டுவாருங்கள், பென்ஷன்காரர்களை வைத்தே சோதித்துவிடலாம் என்றார். மாப்பிள்ளைக்கு முகம் தொங்கிவிட்டது. "அவங்க மெஷின் நல்லாத்தான் வேலை செய்யும் மாமா. நானே பார்த்திருக்கேன்."

அன்று மாலை லட்டைத் தின்றுகொண்டே போனைத் திறக்கக் கட்டைவிரலை வைத்தேன். திறக்கவில்லை. மறுபடி வைத்தேன். திறக்கவில்லை. "விரலைத் துடைங்க மாமா, நெய்யி" என்றார் மாப்பிள்ளை. துடைத்தேன், திறந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் சிரித்தது யார் என்று நினைவில்லை என்று எழுத ஆசைதான். நான்தான் சிரித்தேன்.

சோதனை நாளில் மாப்பிள்ளையின் மெஷினுக்கு முதல் முறை. எல்லா விரலையும் படித்தது. அது முடிந்ததும் நான் எழுந்து, மாப்பிள்ளை மலைக்குப் போய்வந்ததாகச் சொல்லி, பிரசாதம் வினியோகித்தேன். எங்கள் ஊர்ப்பக்கம் அதை வேண்டாமென்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு வாங்கினார். ராமகுப்பத்திலிருந்து வந்திருந்த பெரியவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தப் பெண்மணியும் இரண்டு கையையும் நீட்டி வாங்கி, பக்தியோடு சாப்பிட்டார். பிரசாதம் பட்ட கையை உடனே போய்க் கழுவ யாருக்கும் மனசு வரவில்லை. சிலர் தலையில் தடவிக்கொண்டார்கள். அப்படியே வரிசையில் வந்து அந்தப் பெண்மணியின் மெஷினில் கட்டைவிரலை வைத்தார்கள்.

ஒன்றையும் அது படிக்கவில்லை. அவர் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். நெய் பரவியதுதான் மிச்சம். "என்னம்மா, நம்ம யாருமே உயிரோட இல்லன்னுதே உன் மெஷினு!" என்று ராமகுப்பம் பெரியவர் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். அந்தப் பெண்மணியும் சிரிக்க முயன்றார். அவர் ஆர்டர் ரத்தானது. மாப்பிள்ளைக்குக் கொடுப்பதாகக் கோப்பு தயாரானது.

அதோடு நின்றிருந்தால் நான் நிம்மதியாகவே இருந்திருப்பேனோ என்னவோ. ஆனால் செய்தி பரவிவிட்டது. கிழவர்களை ஏமாற்ற ஓட்டை மெஷின் கொண்டுவந்தவள் என்று எங்கள் சங்கத்திலேயே பேசினார்கள். ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவர் சென்டரின் கதவில் 'வாடகைக்கு' என்ற அட்டை தொங்குவதைப் பார்த்தேன். பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

உள்ளே அவர் கம்ப்யூட்டர்களைத் துணி போட்டு மூடிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"தெரியும் சார். சாயந்திரம் கண்ணாடியைத் தொடைக்கச் சொல்லோ ஏலக்கா தோலு ஒட்டிக்கினு இருந்துச்சு."

"அப்போ ஏம்மா சொல்லல?"

"பெருமாள் பிரசாதத்தால என் மெஷின் கெட்டுப்போச்சுன்னு எழுதிக் குடுக்கச் சொல்றீங்களா? இந்த ஊர்லயா? அப்புறம் நான் எங்க சார் கடை வைக்கிறது?"

லட்டைக் கையில் எடுத்தபோது இந்தக் கணக்கு என் மனதில் இருந்ததா என்று பலமுறை என்னையே கேட்டுக்கொண்டேன். இருந்தது.

"நான் எழுதித் தர்றேன்" என்றேன்.

"நீங்க எழுதினா நல்லாத்தான் இருக்கும்" என்றார் அவர். "மொதல் தபா எழுதினதைப் படிச்சிட்டு, எம்மெஷின்மேல எனக்கே கோவம் வந்துச்சு."

இந்த முறை என்ன செய்தேன் என்பதை அப்படியே எழுதி, என் கையெழுத்தைப் போட்டு எடுத்துப்போனேன். அதிகாரி படித்தார். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். தெலுங்கில் மெதுவாகச் சொன்னார்: "மாஸ்டாரு, அன்னிக்கு நானும் சாப்பிட்டேனே. ரெண்டு வாங்கிச் சாப்பிட்டேன்." தாளை என் பக்கம் தள்ளினார். "பிரசாதம்னு இருந்தா இந்தத் தாள் இந்த அறையைத் தாண்டாது. எண்ணெய்ப் பசையுள்ள தின்பண்டம்னு எழுதிக்கொண்டு வாங்க."

மாற்றி எழுதினேன். பெருமாளிடம் அதற்குத் தனியாக மன்னிப்புக் கேட்டேன்.

மறுசோதனையில் வாசலிலேயே வாளித் தண்ணீர், சோப்பு, துண்டு. சாப்பிடும் பொருளுக்கு அனுமதி இல்லை. என் சட்டைப்பையை மட்டும் கடைநிலை ஊழியர் தடவிப் பார்த்தார். அந்தப் பெண்மணியின் மெஷின் ஒவ்வொரு விரலாகப் படித்துக்கொண்டே வந்தது. கடைசி விரல் என்னுடையது. படிக்கவில்லை. அறை முழுக்க என்னைப் பார்த்தது. மாப்பிள்ளையும் பார்த்தார், கொஞ்சம் நம்பிக்கையோடு. "வேர்வை" என்றேன். அந்தப் பெண்மணி துண்டை நீட்டினார். துடைத்து வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. ஆர்டர் அவருக்கே திரும்பிப் போனது. 'வாடகைக்கு' அட்டையும் இறங்கியது.

அன்று மாலை மகள் போன் செய்தாள். "நைனா, உனக்கு நியாயம் பேச வேற வூடே கெடைக்கலியா?" பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். மாப்பிள்ளை இப்போதும் மாதம் ஒருமுறை மலைக்குப் போகிறார். எங்கள் தெருவில் அவருக்குத் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் லட்டு வருகிறது. என் வீட்டைத் தாண்டித்தான் எடுத்துப்போகிறார்கள்.

போன முறை உயிரோடு இருப்பதை நிரூபிக்கப் போனேன். மெஷினுக்குப் பக்கத்தில் அந்தப் பெண்மணியே உட்கார்ந்திருந்தார். எனக்கு முன்னால் இருந்தவர்கள் வரிசையாக வந்து விரலை வைத்துவிட்டுப் போனார்கள். என் முறை வந்ததும், "சார், கையைக் காட்டுங்க" என்றார். இரண்டு கையையும் நீட்டினேன். திருப்பச் சொன்னார். திருப்பினேன். குனிந்து மோந்துகூடப் பார்த்தார்.

"ஏம்மா, அவருக்கு மட்டும் என்னா சோதனை?" என்று பின்னால் ஒருவர் கேட்டார்.

"அது சாருக்குத் தெரியும்" என்றார் அவர். நான் விரலை வைத்தேன்.